ஒரே ஒரு சுண்ணாம்புக்கல்லைக் கொண்டு வெப்ப இயக்கவியலைக் கற்பது எப்படி?

வேதியியலைப் புதிதாகப் படிக்க வருபவர்களில் பலர் வெப்ப இயக்கவியல் பாடத்தில் வந்து தயங்கி நின்றுவிடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பு வேதியியலின் 7ஆம் அலகாக வரும் இப்பாடத்தில் அமைப்பு, சூழல், அக ஆற்றல், என்தால்பி, என்ட்ரோபி, கட்டிலா ஆற்றல் என்று கண்ணால் பார்க்க முடியாதவை அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்பாடு, ஒவ்வொரு வாய்பாட்டுக்கும் வேறொரு எடுத்துக்காட்டு என்று பாடம் நகர்வதால், இவை அனைத்தும் ஒரே கேள்விக்கான விடையின் பகுதிகள் என்பது மாணவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. ஒரு வேதிவினை தானாக நடக்குமா, நடக்காதா, நடந்தால் எவ்வளவு ஆற்றல் கைமாறும் என்பதே அந்தக் கேள்வி. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதை விட்டு நகராமல் பாடம் முழுவதையும் அதன்மேல் நடத்திப் பார்ப்பதே இதைக் கற்கச் சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து.

கொங்கு நாட்டில் அப்படி ஒரு பொருளை வெகுதூரம் தேட வேண்டியதில்லை. மதுக்கரையிலும் சங்ககிரியிலும் வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல் போதும். கல்லையும் கரியையும் அடுக்கடுக்காகப் போட்டுக் காளவாயில் சுடுவதும், சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் நீர் விட்டு நீற்றுவதும், அதையே காரையாகச் சுவரில் பூசி இறுக விடுவதும் நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வேலைகள். தை பிறப்பதற்கு முன், காப்புக் கட்டும் நாளுக்குள் வீட்டுக்கு வெள்ளையடித்து முடிப்பதும், ஆலைக் கொட்டகையில் கொதிக்கும் கரும்புச்சாற்றின் அழுக்கை எடுக்கச் சுண்ணாம்பு நீர் சேர்ப்பதும் இந்தச் சுண்ணாம்பால்தான். வேதியியலாக எழுதினால் இவை மூன்று வினைகள்:

முதல் வினை: சுண்ணாம்புக்கல் → சுட்ட சுண்ணாம்பு + கார்பன் டைஆக்சைடு
இரண்டாம் வினை: சுட்ட சுண்ணாம்பு + நீர் → நீற்றுச் சுண்ணாம்பு
மூன்றாம் வினை: நீற்றுச் சுண்ணாம்பு + கார்பன் டைஆக்சைடு → சுண்ணாம்புக்கல் + நீர்

மூன்றாவது வினை முடிந்ததும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறோம் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது பெரிதும் உதவும்.

வெப்பம் பற்றிய அறிவியலுக்கும் சுண்ணாம்புக்கும் பழைய உறவு உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜோசப் பிளாக், சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் எடை குறைவதையும், குறைந்த எடை ஒரு வாயுவாக வெளியேறியிருப்பதையும் எடைத்தராசின் துணையோடு 1750களில் நிறுவினார். அந்த வாயுதான் இன்று நாம் கார்பன் டைஆக்சைடு என்று அழைப்பது. பனிக்கட்டி உருகும்போதும் நீர் ஆவியாகும்போதும் வெப்பநிலை ஏறாமலே வெப்பம் உள்ளே செல்கிறது என்ற உள்ளுறை வெப்பக் கருத்தை அடுத்த பத்தாண்டில் வளர்த்தெடுத்தவரும் அவரே. ஒரே மனிதர் சுண்ணாம்பையும் வெப்பத்தையும் ஆராய்ந்தது தற்செயல் அன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டிலும் அளந்து பார்க்காமல் எதையும் நம்ப முடியாது.

முதலில் எல்லையை வரையுங்கள்

எந்தக் கணக்கைத் தொடங்குவதற்கு முன்னும், நாம் ஆராய எடுத்துக்கொண்ட பகுதி எது என்பதை முடிவு செய்ய வேண்டும். அதுவே அமைப்பு; அதற்கு வெளியே உள்ள அனைத்தும் சூழல். பொருளும் ஆற்றலும் எல்லையைக் கடக்க முடிந்தால் அது திறந்த அமைப்பு. கவுந்தப்பாடிப் பக்கத்து ஆலைகளில் சாறு காய்ச்சும் கொப்பரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: அடியிலிருந்து தீயின் வெப்பம் உள்ளே வருகிறது, மேலே நீராவி வெளியே போகிறது. ஆற்றல் மட்டும் கடக்க, பொருள் கடக்காவிட்டால் அது மூடிய அமைப்பு. இரண்டுமே கடக்காவிட்டால் தனித்த அமைப்பு. நன்றாக மூடிய ஃபிளாஸ்க் சிறிது நேரத்துக்கு அதற்கு நெருக்கமாக இருக்கும்.

நம் கணக்கில் அமைப்பு என்பது ஒரு மோல் (வேதியியலாளர்கள் துகள்களை எண்ணப் பயன்படுத்தும் அளவு) சுண்ணாம்புக்கல், அதாவது 100 கிராம் கல். அதைச் சுட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பும் 44 கிராம் கார்பன் டைஆக்சைடும் கிடைக்கும். எரியும் கரி சூழலைச் சேர்ந்தது. தொடக்கநிலை மாணவர்கள் கரி எரிவதையும் கல் சிதைவதையும் ஒன்றாகக் கலந்துவிட்டு, காளவாய் அனலாக இருப்பதால் அங்கே நடப்பது வெப்ப உமிழ்வினை என்று எழுதிவிடுகிறார்கள். எல்லையைச் சரியாக வரைந்திருந்தால் இந்தக் குழப்பம் வராது: கரி வெப்பத்தைக் கொடுக்கிறது, கல் அதை வாங்கிக்கொள்கிறது. கல்லின் பக்கமிருந்து பார்த்தால் இது வெப்பக்கொள்வினை.

கூட்டல் குறியையும் கழித்தல் குறியையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். அமைப்புக்குள் வருவது கூட்டல், அமைப்பை விட்டுப் போவது கழித்தல். அமைப்புக்குள் அடங்கியிருக்கும் மொத்த ஆற்றலே அக ஆற்றல். வெப்ப இயக்கவியலின் முதல் விதியும் இதே முறையில் எழுதப்படுகிறது: அக ஆற்றல் மாற்றம் = அமைப்பு பெற்ற வெப்பம் + அமைப்பின் மீது செய்யப்பட்ட வேலை. இயற்பியல் பாடத்தில் இதே விதியை வெப்பத்திலிருந்து வேலையைக் கழித்து எழுதியிருப்பதைக் காண்பீர்கள்; அங்கே அமைப்பு செய்யும் வேலை கூட்டலாகக் கொள்ளப்படுவதால் அப்படி. இரண்டும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன. ஆயினும் ஒரு கணக்கின் நடுவில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிட்டால் விடை தலைகீழாகும்.

என்தால்பியும் ஹெஸ் விதியும்

கல்லிலிருந்து வெளிவரும் வாயு, சுற்றியுள்ள காற்றைத் தள்ளிக்கொண்டுதான் தனக்கு இடம் தேட வேண்டும். 25 டிகிரியில் ஒரு மோல் வாயுவுக்கு ஏறத்தாழ 24.5 லிட்டர் இடம் தேவை. அந்த இடத்தை உண்டாக்க அமைப்பு செய்யும் வேலை, வாயு மாறிலியான 8.314ஐக் கெல்வின் வெப்பநிலையால் (செல்சியஸ் + 273; 25 டிகிரி என்பது 298 கெல்வின்) பெருக்கினால் கிடைக்கும்: 8.314 × 298, அதாவது ஏறத்தாழ 2.5 கிலோஜூல். அக ஆற்றலில் ஏற்படும் மாற்றத்தையும் காற்றைத் தள்ளும் இந்த வேலையையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வதற்காக உருவாக்கப்பட்டதே என்தால்பி. நம் வேலைகளில் பெரும்பாலானவை திறந்த வெளியில், மாறாத காற்றழுத்தத்தில் நடப்பவை. அழுத்தம் மாறாதபோது அமைப்பு பெற்ற அல்லது இழந்த வெப்பமே என்தால்பி மாற்றம். அதனால்தான் வேதியியலாளர்கள் அக ஆற்றலைவிட இதை அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

இனி வரும் கணக்குகளுக்குத் தேவையான எண்கள் இவை. 25 டிகிரி செல்சியஸில், ஒரு மோலுக்கு, முதலில் உருவாதல் என்தால்பி (தனிமங்களிலிருந்து அப்பொருள் உருவாகும்போது ஏற்படும் என்தால்பி மாற்றம்) கிலோஜூலிலும், அடுத்து என்ட்ரோபி (இதன் பொருளைப் பின்னால் காண்போம்) ஒரு கெல்வினுக்கு ஜூலிலும் கொடுக்கப்பட்டுள்ளன.

சுண்ணாம்புக்கல் (திண்மம்): −1206.9, 92.9
சுட்ட சுண்ணாம்பு (திண்மம்): −635.1, 39.7
நீற்றுச் சுண்ணாம்பு (திண்மம்): −986.1, 83.4
கார்பன் டைஆக்சைடு (வாயு): −393.5; 213.7
நீர் (நீர்மம்): −285.8, 69.9
நீராவி (வாயு): −241.8, 188.8

வினையின் என்தால்பி மாற்றத்தைக் காண, விளைபொருள்களின் மதிப்புகளைக் கூட்டி, அதிலிருந்து வினைபடுபொருள்களின் மதிப்புகளைக் கழிக்க வேண்டும். முதல் வினைக்கு −635.1 − 393.5 + 1206.9 = +178.3 கிலோஜூல். இரண்டாம் வினைக்கு −986.1 + 635.1 + 285.8 = −65.2 கிலோஜூல். மூன்றாம் வினைக்கு −1206.9 − 285.8 + 986.1 + 393.5 = −113.1 கிலோஜூல். மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: 178.3 − 65.2 − 113.1 = 0. காளவாயில் கொடுத்த வெப்பத்தில் ஒரு பங்கை நீற்றும் தொட்டியிலும் மறு பங்கை இறுகும் சுவரிலுமாகக் கல் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. எந்த வழியாகப் போனாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றானால் மொத்த வெப்பமும் ஒன்றே என்று வேதியியலாளர் ஹெஸ் 1840இல் கூறிய விதி இதுதான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஏறினாலும் கோத்தகிரி வழியாக ஏறினாலும் ஏறிய உயரம் ஒன்றே. எரிந்த டீசலும் பயண நேரமும்தான் வேறுபடும். உயரத்தைப் போல, நிலையை மட்டும் பொறுத்து, வந்த வழியைப் பொறுத்து அமையாதவை நிலைச் சார்புகள்: அக ஆற்றல், என்தால்பி, என்ட்ரோபி, கட்டிலா ஆற்றல் ஆகிய நான்கும் அவ்வகையே. வெப்பமும் வேலையும் டீசலைப் போல வழிச் சார்புகள். அழுத்தம் மாறாதபோது வெப்பம் என்தால்பி மாற்றத்துக்குச் சமமாகிவிடுவதால்தான் ஹெஸ் விதியில் அது வழியைப் பொறுத்து மாறவில்லை.

இரண்டாம் வினையின் −65.2 என்ற எண் எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பில் ஏறத்தாழ 17.9 மோல் உண்டு. அது முழுவதும் நீறினால் ஏறத்தாழ 1,160 கிலோஜூல் வெளிவரும். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.18 கிலோஜூல் வேண்டும்; 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 4.18 × 70, அதாவது ஏறத்தாழ 293 கிலோஜூல் போதும். ஆகவே ஒரு கிலோ சுண்ணாம்பு, கணக்குப்படி, ஏறத்தாழ 4 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரக்கூடியது. தொட்டியில் சுண்ணாம்பு தளதளவென்று கொதித்துத் தெறிப்பது இதனால்தான். தெறிக்கும் துளி சூடாக இருப்பதோடு கடுமையான காரமும் உடையது. கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கக்கூடும். இந்த வினையை மாணவர்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். நீற்றும் பழக்கம் உள்ளவர்கள் அகன்ற தொட்டியில் நீரை முதலில் நிரப்பி, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட்டு, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து செய்யும்போது தள்ளி நின்று பார்ப்பதே போதும்.

என்தால்பி மட்டும் போதாது என்பதை யூரியாவிடம் கேளுங்கள்

வெப்பத்தை வெளிவிடும் வினைகள் தானாக நடக்கும், வெப்பத்தை வாங்கும் வினைகள் தானாக நடக்காது என்று நினைப்பது இயல்பு. அந்த எண்ணத்தை உடைக்க ஒரு பாதுகாப்பான சோதனை உண்டு. இதற்கு மட்டும் சுண்ணாம்பைச் சற்று ஒதுக்கி வைக்கலாம். அரை லிட்டர் நீரை ஒரு ஃபிளாஸ்க்கில் எடுத்து வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, வயலுக்கு வாங்கிய யூரியாவில் 60 கிராம், அதாவது ஒரு மோல், அதில் போட்டுக் கலக்குங்கள். யூரியா கரையும்போது மோலுக்குச் சுமார் 15 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். 560 கிராம் கரைசலின் வெப்ப ஏற்புத்திறனை ஏறத்தாழ நீரின் அளவாகக் கொண்டால் 15,000 ÷ (560 × 4.18), அதாவது ஏறத்தாழ 6 டிகிரி குளிர வேண்டும். வெப்பநிலைமானியில் வரும் எண்ணை இதனோடு ஒப்பிட்டு, குறைந்தால் ஏன் குறைகிறது என்று யோசியுங்கள். ஃபிளாஸ்க்கின் சுவரும் உங்கள் கலக்கும் கரண்டியும் சூழலைச் சேர்ந்தவை என்பது அப்போது விளங்கும். இந்தக் கரண்டியையும் ஃபிளாஸ்க்கையும் பிறகு சமையலுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

வெப்பத்தை வாங்கிக்கொண்டும் யூரியா யாரும் தூண்டாமல் கரைகிறது. படிகத்தில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்த மூலக்கூறுகள் நீரெங்கும் பரவும்போது, அவை அமையக்கூடிய முறைகளின் எண்ணிக்கை பன்மடங்கு பெருகுகிறது. ஆற்றலும் துகள்களும் எத்தனை முறைகளில் பரவி அமைய முடியும் என்பதன் அளவே என்ட்ரோபி. இதை ஒழுங்கின்மை என்று மட்டும் மனப்பாடம் செய்தால் பாதி வழியில் திணற நேரிடும். அமைப்பின் என்ட்ரோபியையும் சூழலின் என்ட்ரோபியையும் சேர்த்த மொத்தம், தானாக நடக்கும் எந்த மாற்றத்திலும் பெருகும்: இதுவே இரண்டாம் விதி.

மீண்டும் சுண்ணாம்புக்கு வருவோம். நீற்றும் வினையில் அமைப்பின் என்ட்ரோபி மாற்றம் 83.4 − 39.7 − 69.9 = −26.2 ஜூல், அதாவது குறைகிறது. பிறகு அது எப்படித் தானாக நடக்கிறது? வெளிவரும் 65,200 ஜூல் வெப்பம் சூழலுக்குச் செல்கிறது. சூழலின் என்ட்ரோபி ஏற்றத்தைக் காண இந்த வெப்பத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுக்க வேண்டும்: 65,200 ÷ 298 = 218.8 ஜூல். மொத்தம் 218.8 − 26.2 = +192.6. ஆகவே வினை நடக்கிறது.

இப்போது கல் சுடும் வினை. ஒரு திண்மத்திலிருந்து வாயு பிறப்பதால் அமைப்பின் என்ட்ரோபி 39.7 + 213.7 − 92.9 = 160.5 ஜூல் ஏறுகிறது. ஆனால் சூழல் 178,300 ஜூலை இழக்கிறது. 298 கெல்வினில் அந்த இழப்பு 598.3, மொத்தம் −437.8. மதுக்கரைக் குன்று ஆயிரமாயிரம் ஆண்டு வெயிலில் காய்ந்தும் சுட்ட சுண்ணாம்பாக மாறாமல் கல்லாகவே இருப்பதற்கு இந்தக் கழித்தல் குறியே காரணம். வெப்பநிலையை 1200 கெல்வினுக்கு ஏற்றினால் அதே வெப்ப இழப்பு 1200ஆல் வகுக்கப்பட்டு 148.6 ஆகச் சுருங்குகிறது, மொத்தம் +11.9. கல் சிதைகிறது. சூடான சூழலிலிருந்து வெப்பத்தை எடுப்பதால் ஏற்படும் என்ட்ரோபி இழப்பு, குளிர்ந்த சூழலிலிருந்து அதே வெப்பத்தை எடுப்பதால் ஏற்படும் இழப்பைவிடக் குறைவு. காளவாய் ஏன் அவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதற்கான முழு விடை இந்த ஒரு வகுத்தலில் இருக்கிறது. பாடம் முழுவதிலும் நான் மிகவும் விரும்பும் இடம் இதுவே. இங்கே அவசரப்படாமல் எண்களைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டுகிறேன்.

கட்டிலா ஆற்றல்

ஒவ்வொரு முறையும் சூழலின் கணக்கைத் தனியே போடாமல், அமைப்பின் எண்களை மட்டும் வைத்தே விடை காண ஒரு வழியை அமெரிக்கரான வில்லார்டு கிப்ஸ் 1870களில் வகுத்துத் தந்தார்.

கட்டிலா ஆற்றல் மாற்றம் = என்தால்பி மாற்றம் − (வெப்பநிலை × என்ட்ரோபி மாற்றம்)

விடை கழித்தலில் வந்தால் வினை தானாக நடக்கும், கூட்டலில் வந்தால் நடக்காது, பூஜ்ஜியமானால் சமநிலை. நீற்றும் வினைக்கு −65.2 + 7.8 = −57.4 கிலோஜூல். மேலே கண்ட மொத்த என்ட்ரோபியான 192.6ஐ 298ஆல் பெருக்கினாலும் இதே 57.4 கிலோஜூல் வரும். குறி மட்டும் மாறியிருக்கும். இரண்டு வழிகளும் ஒன்றே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இங்கே பெரும்பாலோர் தவறும் ஓரிடம் அலகு: என்தால்பி கிலோஜூலில் இருக்கும், என்ட்ரோபி ஜூலில் இருக்கும். என்ட்ரோபியை 1000ஆல் வகுத்த பிறகே சேர்க்க வேண்டும். வெப்பநிலையும் கெல்வினில்தான் இருக்க வேண்டும்.

கல் எந்த வெப்பநிலையில் சிதையத் தொடங்கும் என்று காண, கட்டிலா ஆற்றல் மாற்றத்தைப் பூஜ்ஜியமாக வையுங்கள்: 178,300 ÷ 160.5 = ஏறத்தாழ 1111 கெல்வின், அதாவது 838 டிகிரி செல்சியஸ். அளந்து கண்ட மதிப்பு இதைவிடச் சற்று உயர்ந்து 900 டிகிரியை ஒட்டி நிற்கிறது. 25 டிகிரியில் எடுத்த எண்களை அவ்வளவு உயர்ந்த வெப்பநிலைக்கும் அப்படியே பொருந்துவதாக நாம் கொண்டதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கு கார்பன் டைஆக்சைடு ஒரு வளிமண்டல அழுத்தத்தில் கல்லைச் சூழ்ந்திருப்பதாகக் கொண்டது. காற்றோட்டம் அந்த வாயுவை அடித்துச் சென்றுகொண்டே இருந்தால், கல் இதைவிடக் குறைந்த வெப்பநிலையிலும் சிதையும். காளவாயின் அடியில் காற்றுக்கு வழி விடுவது கரி எரிவதற்கு மட்டும் உதவுவதில்லை; கல் சிதையவும் அது உதவுகிறது.

நடக்கும் என்பதற்கும் விரைவாக நடக்கும் என்பதற்கும் உள்ள தொலைவு

மூன்றாம் வினைக்கும் கட்டிலா ஆற்றல் மாற்றத்தைக் கண்டால் 298 கெல்வினில் ஏறத்தாழ −73 கிலோஜூல் வரும். ஆயினும் சுண்ணாம்புக் காரை முழுவதும் கல்லாக இறுக மாதங்களும் ஆண்டுகளும் ஆகின்றன. காற்றில் கார்பன் டைஆக்சைடு மிகக் குறைவு, அது சுவருக்குள் ஊடுருவிச் செல்லவும் காலம் பிடிக்கும். சேலத்தில் வெட்டியெடுக்கப்படும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், இன்னும் தெளிவான பாடம். இதே முறையில் கணக்கிட்டால் அது 300 டிகிரி செல்சியஸை ஒட்டியே சிதைய வேண்டும். நடைமுறையில் 500 டிகிரிக்கு மேல் ஏறினால்தான் சிதைவு குறிப்பிடத்தக்க வேகத்தை எட்டுகிறது. வெப்ப இயக்கவியல் திசையைச் சொல்லும், எல்லையைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. வேகம் வேதிவினை வேகவியலின் பாடம்.

இதுவரை படித்ததைச் சோதித்துக்கொள்ள ஒரு கணக்கு. நீற்றுச் சுண்ணாம்பைச் சூடாக்கி மீண்டும் சுட்ட சுண்ணாம்பாக்க எத்தனை டிகிரி வேண்டும்? மேலே உள்ள எண்களில் நீர்ம நீருக்கான மதிப்பை எடுத்தால் 65,200 ÷ 26.2, அதாவது 2,488 கெல்வின் என்ற விடை வரும். அந்த வெப்பநிலையில் நீர் நீர்மமாக இருக்க முடியாது என்பதால் இந்த விடை பொருளற்றது. நீராவியின் மதிப்புகளை எடுத்து மீண்டும் போடுங்கள்: என்தால்பி மாற்றம் +109.2 கிலோஜூல், என்ட்ரோபி மாற்றம் +145.1 ஜூல், வெப்பநிலை ஏறத்தாழ 753 கெல்வின், அதாவது 480 டிகிரி செல்சியஸ். உண்மை மதிப்பு 500 டிகிரிக்குச் சற்று மேலே இருப்பதால் இது நல்ல நெருக்கமே. சமன்பாட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் திண்மம், நீர்மம், வாயு என்று எழுதிய பிறகே எண்களைத் தேடத் தொடங்குங்கள்.